மூக்குக்கு உள்ளேயும் பாருங்கள்

மூக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று மருத்துவரிடம் போகிறவர்கள் இப்போதெல்லாம் கைப்பேசியைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதில் இருப்பது கையை நீட்டித் தானே எடுத்த படம். "இதுல பாருங்க டாக்டர், மூக்கு எவ்வளவு அகலமா இருக்குன்னு." அந்தப் படம் பொய் சொல்கிறது. கேமரா முகத்துக்கு ஓரடித் தூரத்தில் இருந்தால், முகத்தோடு ஒப்பிடும்போது மூக்கின் அகலம் உள்ளதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் இந்தக் கோளாறு இல்லை. முகத்தில் கேமராவுக்குக் கிட்டத்தில் நீட்டிக்கொண்டிருப்பது மூக்கு. கிட்டத்தில் இருப்பது பெரிதாக விழும், எட்டத்தில் இருக்கும் காதும் கன்னமும் சிறுத்துப் போகும். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே முதல் வேலைக்குச் செலவே இல்லை. வீட்டில் யாரையாவது ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில், நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, முகத்தைச் சற்றே திருப்பி ஒன்று என்று படம் எடுக்கச் சொல்லுங்கள். ஃபில்டர் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து அந்தப் படங்களைப் பாருங்கள். அப்போதும் உறுத்துகிறதா? உறுத்துவது எது என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா? "தண்டில் ஒரு மேடு இருக்கு", "நுனி கீழே தொங்குது", "சின்ன வயசில் விழுந்ததில் இடப்பக்கம் கோணிப்போச்சு" என்று சொல்ல முடிந்தால் மருத்துவரிடம் பேச உங்களிடம் விஷயம் இருக்கிறது. "என்னவோ நல்லா இல்ல" என்ற குறைக்குக் கத்தியில் மருந்து கிடையாது.

வேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. சப்பை மூக்கன், கிளி மூக்கி என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய பட்டத்தை முப்பது வயதிலும் இறக்கி வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் நசுங்கிய மூக்கோடு போட்டோவுக்கு நிற்கவே கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகச் செய்த அறுவையால் அவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. என் மூக்கும் ஒன்றும் எள்ளுப்பூ இல்லை. அதனால் யாரையும் நையாண்டி செய்கிற தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிற நாம், மூக்கு விஷயத்தில் ஒரே வீடியோவைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுகிறோம். அது தேவையில்லாத அவசரம்.

பந்தலும் துணியும்

கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடி உட்காரும் இடம் தெரியும். அங்கே விரலை வைத்து அழுத்துங்கள். கெட்டியாக இருக்கிறதா? அது எலும்பு. மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. விரலைக் கீழே இறக்கினால் நடுவில் சற்றே இணங்கிக் கொடுக்கும், அது குருத்தெலும்பு. நுனிக்கு வந்தால் எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும். அங்கே வேறு இரண்டு குருத்தெலும்புகள் வில்லாக வளைந்து நிற்கின்றன. உள்ளே நடுவில் இரண்டு துளைகளையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருக்கிறது. அதுதான் நடுக்கால். இதன்மேல் தோல் போர்த்தியிருக்கிறது.

கல்யாணப் பந்தல் மாதிரிதான்: எலும்பும் குருத்தெலும்பும் கால்கள், தோல் துணி. மருத்துவர் கால்களை நகர்த்தலாம், அறுக்கலாம், புதிதாக நடலாம். துணியை அவரால் மாற்ற முடியாது. கால்களின்மேல் துணி எப்படிப் படிகிறதோ அதுதான் கடைசியில் உங்கள் மூக்கு.

நம்மில் பலருக்கு இங்கேதான் சிக்கல். தென்னிந்திய மூக்குகளில் பெரும்பாலும் நுனித்தோல் தடித்தது, எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்தது. அடியில் உள்ள குருத்தெலும்போ மென்மையானது. கனத்த ஜமுக்காளத்தை மூங்கில் குச்சிமேல் போர்த்தினால் குச்சியின் கூர் வெளியே தெரியாது அல்லவா? அதுபோலத்தான். உள்ளே எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் தடித்த தோல் அதை மறைத்துவிடும். "சின்னதாக்குங்க" என்று கேட்டு, மருத்துவரும் சரி என்று குருத்தெலும்பை அதிகமாக வெட்டியெடுத்தால், தோல் சுருங்கி வராது. தாங்க ஆளில்லாமல் தொளதொளத்து உட்கார்ந்து, நுனி முன்னைவிட உருண்டையாகத் தெரியும். அதனால் இப்படிப்பட்ட மூக்குகளில் நல்ல மருத்துவர்கள் எடுப்பதைவிட வைப்பதையே அதிகம் செய்கிறார்கள். காதிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ குருத்தெலும்புத் துண்டை எடுத்து நுனிக்கு முட்டுக் கொடுப்பார்கள். மூக்கு சிறுத்துவிடாது, ஆனால் நுனி தூக்கி, வடிவம் தெளியும். மும்பை நடிகையின் கூர்நாசிப் படத்தைக் கொண்டுபோய் "இதே மாதிரி" என்று கேட்கிறவரிடம், "உங்கள் தோலுக்கு அது வராதும்மா" என்று சொல்கிற மருத்துவர் உங்களை ஏமாற்றவில்லை. அவரை விட்டுவிடாதீர்கள்.

மெல்லிய தோல்காரர்களுக்குத் தொல்லை வேறு விதம். உள்ளே ஒரு சிறு பிசிறு இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும்.

மூச்சு

மூக்கு முகத்துக்கு அலங்காரம் என்பது நாம் வைத்துக்கொண்ட பேச்சு. உடம்புக்கு அது காற்றுக்குழாய். நாம் இழுக்கும் காற்று சந்திக்கும் தடையில் பாதிக்கு மேல் மூக்கிலேயே இருக்கிறது. அதிலும் மிகக் குறுகலான கணவாய் மூக்கின் நடுப்பகுதியில், பக்கக் குருத்தெலும்பு நடுச்சுவரோடு சேரும் இடம். தண்டு மெலிய வேண்டும், மேடு போக வேண்டும் என்று கத்தி வைப்பதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். அந்தக் கணவாய் கொஞ்சம் குறுகினால் போதும். மூச்சு இழுக்கும்போது பக்கச்சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகான மூக்கு, ராத்திரியில் வாயைத் திறந்து தூங்க வைக்கும் மூக்காகிவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூக்கை ஒட்டிய கன்னத்தில் இரண்டு விரல் வைத்து, லேசாகக் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டு மூச்சு விடுங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போவது போல இருந்தால், அந்தக் கணவாய் உங்களுக்கு ஏற்கெனவே குறுகலாக இருக்கலாம். இதை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், போதும். ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைப்பு, விடிந்தால் பத்துத் தும்மல், குறட்டை, வருஷக்கணக்காக மூக்கடைப்புச் சொட்டு மருந்து இல்லாமல் தூங்க முடியாது என்பதையெல்லாம் "இது அழகு சிகிச்சைதானே, இதுக்கும் அதுக்கும் என்ன?" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

நடுச்சுவர் கோணலாக இருந்தால் அதை நேராக்குவதையும் வடிவம் திருத்துவதையும் ஒரே அறுவையில் முடித்துக்கொள்ளலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மூக்கில் முட்டுக் கொடுக்கத் தேவையான குருத்தெலும்புக்கு முதல் களஞ்சியமே அந்த நடுச்சுவர்தான். சில வருஷம் முன்பு கோணலுக்காக ஏற்கெனவே அறுவை செய்து அதில் ஒரு பகுதியை எடுத்திருந்தால், களஞ்சியம் காலியாக இருக்கும். அப்போது காதிலிருந்து எடுக்க வேண்டும். நிறையத் தேவைப்பட்டால் விலாக் குருத்தெலும்பிலிருந்து எடுக்க வேண்டும். அதாவது நெஞ்சில் ஒரு தழும்பு. பழைய அறுவையின் காகிதங்கள் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

அறுவையில் என்ன செய்கிறார்கள்

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. வடித்து உருவாக்குவது என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நெகிழிக்கு அந்தப் பெயர் வந்தது பிறகு. சிலர் சிலிகோன் துண்டு வைப்பதும் உண்டுதான். அது அளவெடுத்தாற்போல் கச்சிதமாக இருக்கும், வேலையும் சுருக்கமாக முடியும். ஆனால் வருஷங்கள் கழித்துச் சீழ் பிடிக்கவும், தோலை அரித்துக்கொண்டு வெளியே வரவும் வாய்ப்புண்டு. உங்கள் உடம்பின் குருத்தெலும்பு அப்படி வெளியேறுவது அரிது.

இரண்டு வழிகளில் உள்ளே போகிறார்கள். ஒன்று, வெட்டுகள் எல்லாமே துளைகளுக்கு உள்ளேயே. வெளியே தழும்பு இல்லை. மற்றொன்று, இரண்டு துளைகளுக்கும் நடுவில் உள்ள தூணில் சிறு வெட்டுப் போட்டுத் தோலை மேலே மடித்து, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துச் செய்வது. எது மேல் என்று கேட்டால், உங்கள் மருத்துவருக்கு எது கைவந்ததோ அது. மூக்குத் தண்டை மெலிதாக்க எலும்பை ஒழுங்காக உடைத்து உள்ளே தள்ள வேண்டியிருக்கும். கண்ணைச் சுற்றிக் கருநீலம் கட்டுவது அதனால்தான். மூக்கு மடல் அகலமாக இருந்தால், மடல் கன்னத்தோடு சேரும் இடத்தில் ஒரு சிறு துண்டை எடுத்துத் தைப்பார்கள். அந்தத் தழும்பு வெளியே இருக்கும். நம் நிறத் தோலில் தழும்பு கறுத்து நிற்பது சகஜம். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ தோல் தடித்து மேடாக வளர்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே மயக்க மருந்து நிபுணரும், அவசரமானால் தீவிர சிகிச்சைக்கு வழியும் உள்ள மருத்துவமனையில் நடக்க வேண்டிய வேலை இது. அழகு நிலைய மாடியில் நடக்கக் கூடாதது.

இங்கே கொஞ்சம் பழங்கதை. மூக்கறுப்பது நம் நாட்டில் வெறும் சொல்லாக இல்லாமல் தண்டனையாகவே இருந்தது. அதனால்தான் மூக்கு வைக்கும் கலையும் இங்கே வளர்ந்தது. கன்னத்துத் தோலால் மூக்கை உருவாக்கும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. 1792-இல் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர், மெழுகில் அளவெடுத்து, நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் படத்தோடு இந்தச் செய்தி வந்தது. அதைப் படித்து வருஷக்கணக்கில் யோசித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். இந்திய முறை என்று பெயர் பெற்ற நெற்றித் தோல் முறை இன்றும் உலகமெங்கும் நடக்கிறது.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. காவஸ்ஜிக்கு மூக்கே இல்லை. எது கிடைத்திருந்தாலும் லாபம். நீங்கள் மேசையில் படுக்கப்போவது வேலை செய்துகொண்டிருக்கும் முழு மூக்கோடு. உங்கள் கணக்கில் நஷ்டத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

நஷ்டப் பத்தி

வெளியான ஆய்வுகளில், முதல் அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 5 முதல் 15 பேர் வரை மறுபடி ஓர் அறுவைக்குப் போகிறார்கள். மருத்துவர் திறமைசாலியாக இருந்தாலும் ஆறும் விதம் அவர் கையில் இல்லை. ரத்தக்கசிவு, சீழ், நுனி மரத்துப்போவது, இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் இருப்பது, நடுச்சுவரில் ஓட்டை விழுவது, தண்டு உள்வாங்கிச் சேணம் போலப் பள்ளமாவது, முகரும் சக்தி சில காலம் குறைவது என்று பட்டியல் நீளம். பலவும் அரிது, சிலது தானாகவே சரியாகும். இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம். தழும்பு உள்ளே இறுகியிருக்கும், குருத்தெலும்பு குறைந்திருக்கும். அதற்கும் குறைந்தது ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

நடிகை பிரியங்கா சோப்ரா 2021-இல் எழுதிய தன் நினைவுக் குறிப்பில் இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மூக்கினுள் வளர்ந்த சதையை அகற்றும் அறுவையில் தண்டும் தவறுதலாகச் சீவப்பட்டு மூக்கு உட்கார்ந்துவிட்டது; அதைச் சரிசெய்ய மேலும் அறுவை வேண்டியிருந்தது; கண்ணாடியில் யாரோ ஒரு அந்நியர் தெரிந்தார். அதற்கு முன்பே 1987-இல் டர்ட்டி டான்சிங் படத்தால் உலகமறிந்த ஜெனிஃபர் கிரே, இரண்டு மூக்கு அறுவைகளுக்குப் பிறகு, தெரிந்தவர்களுக்கே அடையாளம் தெரியாதவர் ஆனார். அவர் மூக்கு அசிங்கமாகிவிடவில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரசிகர்கள் தேடிய முகம் அதுவல்ல. சினிமாக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் என்று இதை ஒதுக்க முடியாது. சாவு வீட்டில் யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சண்முகம் பேத்திதானே, மூக்கைப் பார்த்தாலே தெரியுது" என்று சொல்வார் பாருங்கள். அந்த மூக்கைத்தான் நீங்கள் கொடுத்துவிடப் போகிறீர்கள். கொடுக்கலாம், தெரிந்து கொடுங்கள்.

நாள் பார்ப்பது

நம் ஊரில் மூக்கு அறுவையைப் பற்றிய முடிவு பல வீடுகளில் கல்யாணப் பேச்சோடு கலந்தே வருகிறது. தை மாதம் முகூர்த்தம்; கார்த்திகையில் முடித்துவிட்டால் சரியாக இருக்கும் என்று அம்மா கணக்குப் போடுவார். இந்தக் கணக்கு தப்பு.

வாயால் மூச்சு விடும் முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் சிரமமானவை. கண்ணைச் சுற்றிய வீக்கம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மூக்கின்மேல் கட்டிய கெட்டிப் பட்டியை ஏறக்குறைய ஏழாம் நாள் பிரிப்பார்கள். கருநீலம் மறையப் பத்துப் பதினைந்து நாள். அலுவலகம் போக அதற்குள் தயாராகிவிடலாம். ஆனால் அன்று கண்ணாடியில் பார்ப்பது உங்கள் புது மூக்கு அல்ல, வீங்கிய மூக்கு. பலரும் மனமுடைந்து அழுவது பட்டி பிரித்த அன்றுதான். வீக்கம் மாதக்கணக்கில் வடியும். நுனி கடைசியாக வடியும். முழு வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும். தடித்த தோலுக்கு அதற்கு மேலும் ஆகலாம். கார்த்திகையில் செய்தால் தையில் மேடையேறப்போவது பாதி வடிந்த மூக்கு. ஆல்பத்தில் நிற்கப்போவதும் அதுதான். ஒரு வருஷம் கைவசம் இல்லையென்றால் கல்யாணத்துக்கு முன்பு வேண்டாம்.

வீட்டு வேலைகளையும் கணக்கில் எடுங்கள். முதல் இரண்டு வாரம் குனிந்து கோலம் போடக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். சளி பிடித்த மாதிரி இருக்கிறதே என்று ஆவி பிடிக்கப் பாட்டி சொன்னால் கேட்காதீர்கள். மரத்த தோல் சுட்டால் தெரியாது. கண்ணாடி ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை மூக்கில் உட்காரக் கூடாது. கண்ணாடி இல்லாமல் எதிரே வருகிறவர் தெரியாது என்கிறவர்கள் அதற்கு என்ன வழி என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகம் மூடிய ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றும்போது மூக்கில் இடிக்கும். அதனால் ஸ்கூட்டியும் கொஞ்ச நாளுக்கு இல்லை. கைக்குழந்தை இருந்தால் அது முதலில் எட்டிப் பிடிப்பது மூக்கைத்தான்.

மூக்குத்தியை அறுவைக்கு முன் கழற்ற வேண்டும். மறுபடி எப்போது போடலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதற்குள் துளை தூர்ந்துபோனால், திரும்பக் குத்த மாதங்கள் காத்திருக்க வேண்டிவரும். மடலைச் சிறிதாக்கும் எண்ணம் இருந்தால், துளையின் இடமே சற்று நகர்ந்து தெரியக்கூடும். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயதும் ஒரு நாள் பார்ப்புதான். மூக்கு முழுதாக வளர்ந்து நிற்கப் பெண்களுக்குப் பதினாறு வயதாவது, ஆண்களுக்குப் பதினேழு, பதினெட்டாவது ஆகும். அதற்கு முன் அழகுக்காகத் தொடக் கூடாது. பதினெட்டு தாண்டி, பெற்றோர் கையெழுத்து தேவைப்படாத வயதில், தானே கேட்டு வருகிறவருக்குச் செய்வது நல்லது என்பது என் கட்சி.

யாருக்காக

யாருக்காக இந்த அறுவை? மருத்துவர் தனியே கேட்க வேண்டிய கேள்வி இது. மகளை உட்கார வைத்துவிட்டு அம்மாவே பேசிக்கொண்டிருந்தால் அங்கே ஏதோ சரியில்லை. காதலன் சொன்னதால், மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி பார்த்ததால், வேலை போனதால், கணவன் பிரிந்ததால் என்று வருகிற அறுவைகளில் மூக்கு மாறும். காரணம் மாறாமல் அங்கேயே இருக்கும்.

அதைவிட ஆழமானது ஒன்று உண்டு. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிய ஒரு குறையையே நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நினைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கண்ணாடி பார்த்து, வெளியே போவதையே தவிர்க்கிறவர்கள். இது தோற்றத்தைப் பற்றிய ஒரு மனநோய். இந்த நோய் அதிகம் பிடித்துக்கொள்ளும் உறுப்புகளில் மூக்கும் ஒன்று. இவர்களுக்கு அறுவை பெரும்பாலும் பலன் தருவதில்லை. கவலை கூடும், அல்லது வேறு உறுப்புக்குத் தாவும். ஆனால் மனநல மருத்துவரின் மருந்தும் பேச்சு சிகிச்சையும் நல்ல பலன் தருகின்றன. "முதலில் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் சொன்னால் கோபப்படாதீர்கள். வந்த வருமானத்தை வேண்டாம் என்று தள்ளுகிற மனிதர் அவர்.

யாரிடம், எவ்வளவு

எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவர்களும், முக வடிவ அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். காஸ்மெட்டாலஜி என்று சில மாதம் படித்து வாங்கிய சான்றிதழ் அறுவைக்கான தகுதி ஆகாது. பதிவு எண்ணைக் கேட்கலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். நல்ல மருத்துவர் இதற்குச் சங்கடப்பட மாட்டார். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிப்பதைத் தடுக்கின்றன. இன்ஸ்டாகிராமில் நாளுக்கு நாலு மூக்கு காட்டுகிறவரைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் காட்டினால், உங்களைப் போன்ற தோலும் மூக்கும் உள்ளவர்களின் படத்தைக் கேளுங்கள். அறுவை முடிந்து ஒரு மாதத்தில் எடுத்தது வேண்டாம்; ஒரு வருஷம் கழித்து எடுத்தது வேண்டும். கணினியில் உங்கள் முகத்தை மாற்றிக் காட்டுவது பேசிக்கொள்ள உதவும், வாக்குறுதி ஆகாது. கத்தியைப் பிடிக்கப்போவது இவரா, உதவியாளரா? மனத்துக்குப் பிடிக்காமல் போனால், மறு அறுவைக்குக் கட்டணம் யாருடையது? இதற்கான பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புகைப்பது, வெற்றிலைப் புகையிலை, சாப்பிடும் மாத்திரை, லேகியம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் சில வலி மாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும். ஆனால் இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. புகைக்கிறவருக்குத் தோல் சரியாக ஆறாது. அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரம் நிறுத்த முடியாதென்றால் அறுவையும் வேண்டாம்.

பண விஷயத்தில் சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது. மருத்துவ சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அழகுக்கான அறுவைக்கு இல்லை. பிறவிக் குறை, விபத்து, காயம் இவற்றைச் சீரமைக்கும் அறுவைக்கு மறுபடி விலக்கு. மருத்துவக் காப்பீட்டுக்காரர்களும் ஏறக்குறைய இதே கோட்டில் நிற்கிறார்கள். நடுச்சுவர் கோணலுக்கான அறுவைக்குக் காப்பீடு கிடைக்கலாம், வடிவத்துக்குக் கிடைக்காது. "கோணல்னு எழுதிடலாம், கவலைப்படாதீங்க" என்று கண்ணடிக்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். காப்பீட்டுக்காரருக்குப் பொய் எழுதுகிறவர் உங்களுக்கும் எழுதுவார். பிளவுபட்ட உதட்டோடு பிறந்தவர்களின் மூக்கு, விபத்தில் சிதைந்த மூக்கு இவற்றுக்குப் பெரிய தனியார் மருத்துவமனைகளைத் தேடிக் கடன் வாங்கத் தேவையில்லை. சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் அறுவைத் துறைகள் இருக்கின்றன. முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

அறுவையே வேண்டாம், ஓர் ஊசியில் முடித்துவிடலாம் என்று ஃபில்லரைச் சொல்வார்கள். பள்ளத்தை நிரப்பி மேட்டை மறைக்கலாம்; பெரிய மூக்கை ஊசியால் சிறிதாக்க முடியாது. பலன் பெரும்பாலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். எளிதாகத் தோன்றும் இந்த ஊசிதான் முகத்தில் போடும் ஊசிகளில் ஆபத்தானவற்றுள் ஒன்று. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புள்ளவை. மருந்து குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்கிற ஊசி அல்ல அது. இணையத்தில் விற்கும் மூக்குக் கிளிப்பைப் பற்றி ஒரே வரி: அதை மாட்டினால் மூக்கு வலிக்கும், மாறாது.

கடைசியாக ஒன்று. முதல் சந்திப்பில் மருத்துவர் உங்கள் கைப்பேசிப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதை விடுங்கள். தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு மூக்குக்கு உள்ளே பார்த்தாரா? மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாரா? தோலை விரலால் கிள்ளிப் பார்த்தாரா? இது எதையும் செய்யாமல் தேதி குறித்துக் கொடுத்தால், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.